பூக்காத பதினோரு ஆண்டுகள்

2018 ஆகஸ்டில் மூணாறு மலைகளில் குறிஞ்சி பூக்கத் தொடங்கியபோது கேரளம் வெள்ளத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. மண்சரிவுகளில் மலைச்சாலைகள் அறுந்துபோயின. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தப் பருவத்தை எதிர்பார்த்திருந்த விடுதிக்காரர்களும் ஜீப் ஓட்டுநர்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். மழை விட்டதும் கூட்டம் வந்தது, படம் எடுத்தது, அக்டோபரோடு மலையிறங்கிவிட்டது. இனி 2030-ல்தான் என்று நாளிதழ்கள் எழுதி முடித்தன. குறிஞ்சிமீது நமக்குள்ள அக்கறை இரண்டு மூன்று மாதத்துக்கு உரியதாகவே இருந்துவந்திருக்கிறது. பூக்கிற பருவத்தில் அந்தச் செடிக்குப் பெரிய ஆபத்து எதுவும் வந்துவிடுவதில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத இடைப்பட்ட ஆண்டுகளில்தான் அது நிலமிழந்து, சரிவு சரிவாகக் காணாமல் போகிறது. இந்தக் கட்டுரையின் கவலை அந்த ஆண்டுகளைப் பற்றியது.

ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்பது நீலக்குறிஞ்சியின் தாவரவியல் பெயர். ஆடாதோடையும் நிலவேம்பும் கனகாம்பரமும் சேர்ந்த அதே குடும்பம். நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இந்தப் பேரினம் ஆசியா முழுக்கப் பரவியிருக்கிறது. நீலக்குறிஞ்சியோ தென்னிந்திய மலைகளை விட்டு வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரையுள்ள புல்வெளிச் சரிவுகளே அதன் வீடு. நீலகிரி, பழனி மலைகள், ஆனைமலை, மூணாற்றைச் சுற்றிய உயர்நிலங்கள் என்று அதன் முக்கிய இருப்பிடங்களை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையில் சேர்வராயன் மலையிலும் ஒரு சிறு கூட்டம் உண்டு.

பூக்காத ஆண்டில் அதை அடையாளம் காணக் கொஞ்சம் குனிய வேண்டும். காற்று ஓயாத திறந்த சரிவில் பெரும்பாலும் முழங்கால் உயரம். ஒதுக்கமான பள்ளத்தில் ஆள் உயரத்துக்கும் போகும். தண்டு கருமை படர்ந்து, கணுக்கணுவாக இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலைகள். ஓரத்தில் சிறு பற்கள். மேற்பரப்பில் நரம்புகள் உள்வாங்கி, இலை சற்றே சுருங்கினாற்போலத் தெரியும். புல்லோடு புல்லாக, கண்ணை ஈர்க்கும் எதுவும் இல்லாமல், நெருக்கமாக நிற்கும். ஒரு சரிவில் நிற்கும் செடிகள் பெரும்பாலும் ஒரே வயதுடையவை. ஒரே மழையில் முளைத்து, ஒரே பருவத்தில் பூத்து, விதை உதிர்த்து, ஒன்றாக மடிகின்றன. பூத்து முடிந்த மறு ஆண்டில் அந்தச் சரிவில் எரிந்த குச்சிகள்போலக் கருத்த தண்டுகள்தான் மிஞ்சியிருக்கும். அவற்றின் காலடியில்தான் அடுத்த தலைமுறை முளைவிடுகிறது. பார்க்க வருகிறவர்களுக்கு அது செத்துப்போன காடு. உண்மையில் அந்தச் சரிவின் வாழ்க்கையில் மிக மென்மையான கட்டம் அது.

இந்தப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு மலைவாழ் மக்களுக்கு ஆய்வாளர்கள் சொல்லித் தெரிந்ததல்ல. பளியரும் முதுவரும் ஒருவர் வயதைக் குறிஞ்சிப் பூப்பை வைத்துச் சொல்லும் வழக்கம் இருந்தது என்று பல பதிவுகள் கூறுகின்றன. எழுத்தில் உள்ள கணக்கு 1838-லிருந்து தொடங்குகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1935-ல் ராபின்சன் என்பவர் எழுதிய கட்டுரை, முந்தைய ஆண்டின் பூப்பை விவரித்து, அதைப் பழைய ஆண்டுகளோடு கோத்துக் காட்டியது. 1970-ல் மீண்டும் பூத்தபோது திருச்சியைச் சேர்ந்த தாவரவியலாளரான பாதிரியார் கே. எம். மாத்யூ அதே இதழில் தம் அவதானிப்புகளை எழுதினார். பழனி மலைத் தாவரங்கள் பற்றிய பெருநூலைப் பின்னாளில் தந்தவர் அவர்தான். 1982, 1994, 2006, 2018 என்று வரிசை பிசகாமல் வந்திருக்கிறது.

ஆனால் இந்த ஒரே வரிசையை எல்லா மலைக்கும் பொருத்துவது தவறு. 2022-ல் இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறைக்கு அருகே கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பரவலாகப் பூத்தது. மூணாறு வரிசைப்படி அது பூக்காத ஆண்டு. ஒவ்வொரு கூட்டமும் தனக்கென்று ஒரு நாட்காட்டி வைத்திருக்கிறது என்பதே இதன் பொருள். 2018-ல் மூணாற்றை அடுத்த இராஜமலையில் பூத்ததைப் பார்த்துவிட்டுக் குறிஞ்சி பத்திரமாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதில் உள்ள பிழை இங்கே தெரிகிறது. வேறு கணக்கில் ஓடும் சிறிய கூட்டம் ஒன்று அழிந்தால், அதன் செடிகளோடு அந்த நாட்காட்டியும் சேர்ந்தே அழியும். ஒரு கெட்ட ஆண்டின் மழையோ வறட்சியோ பெரிய கூட்டத்தின் விதைப் பருவத்தை நாசமாக்கினால் ஈடுகொடுக்க, வேறு ஆண்டில் பூக்கும் கூட்டங்கள் உயிரோடு இருந்தாக வேண்டும்.

ஒரு செடி ஏன் இத்தனை ஆண்டு காத்திருந்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் செலவழித்துவிட்டுச் சாகிறது? மூங்கில்களைப் பற்றி டேனியல் ஜான்சன் 1976-ல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு தந்த விளக்கம் குறிஞ்சிக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால், விதை தின்னும் பூச்சிகளும் பறவைகளும் எலிகளும் அதை நம்பியே பெருகி, முழுவதையும் தின்று தீர்த்துவிடும். பல ஆண்டு பட்டினி போட்டுவிட்டு ஒரே நேரத்தில் கொட்டிக் குவித்தால், எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். இந்த உத்தி எண்ணிக்கையில்தான் நிற்கிறது. பத்தாயிரம் செடிகள் ஒன்றாகப் பூக்கும் சரிவில் விதை மிஞ்சும். சாலையோரத்தில் துண்டாகிப்போன நாற்பது செடிகள் பூத்தால், மிஞ்சுவதற்கு எதுவும் இராது. கூட்டம் குறுகக் குறுக, குறிஞ்சி தன் ஆயுதத்தையே இழக்கிறது. மிஞ்சிய சில செடிகளைச் சுற்றி வேலி போட்டுக் காப்பாற்றிவிடலாம் என்ற எண்ணம் இதனால்தான் எனக்கு உவப்பாக இல்லை.

மகரந்தச் சேர்க்கையும் திரளை நம்பியே நடக்கிறது. மணி வடிவப் பூ, விரியும்போது வெளிர் நீலமாக இருந்து, நாளாக ஆகச் செந்நீலம் ஏறி அடர்கிறது. மூணாறுப் பகுதியில் 2006 பூப்பின்போது நடந்த ஆய்வு, அடுக்குத் தேனீயே இதன் முதன்மையான மகரந்தத் தூதர் என்று கண்டது. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் தேவகுலத்தார் குறிஞ்சியின் கரிய தண்டையும் அதன் பூவிலிருந்து திரளும் தேனையும் சேர்த்தே பேசியிருப்பது நினைவுக்கு வருகிறது. செடியை அருகில் நின்று பார்த்தவருடைய சொல் அது.

அடுத்தது விதை. நம் வீட்டுக் கனகாம்பரத்தின் காய்ந்த காயில் மழைத்துளி பட்டதும் ‘பட்’டென்று வெடித்து விதை தெறிக்குமே, குறிஞ்சிக் காயும் அந்தக் குடும்ப வழக்கப்படியே வெடிக்கிறது. உள்ளே விதையைத் தாங்கியிருக்கும் சிறு கொக்கிகள் நெம்பித் தள்ள, விதை வெளியே பாய்கிறது. அவ்வளவுதான் அதன் பயணம். பறவை தின்று எச்சமாகத் தூரதேசம் கொண்டுபோகும் பழம் கிடையாது. காற்றில் மிதக்கும் பஞ்சும் கிடையாது. தாய்ச்செடியிலிருந்து சில மீட்டருக்குள் பெரும்பாலானவை விழுந்துவிடும். சரிவில் ஓடும் மழைநீர் இன்னும் கொஞ்சம் இழுத்துச் செல்லலாம். இப்படி ஒரு தாவலுக்குப் பன்னிரண்டு ஆண்டு. நூறு ஆண்டில் எட்டுத் தாவல். ஒரு மலைச்சரிவில் குறிஞ்சி முற்றாக அழிந்து, அடுத்த கூட்டம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, நடுவே தேயிலைத் தோட்டமோ சீகைக்காடோ இருந்தால், அது தானாக நடந்துவந்து பழைய இடத்தைப் பிடிக்கும் என்று எதிர்பார்க்க வழியே இல்லை. அழிந்த சரிவு அழிந்ததுதான்.

ஆகவே குறிஞ்சியைப் பற்றிப் பேசுவது என்றால் புல்வெளியைப் பற்றிப் பேச வேண்டும். நம் வனவரலாற்றின் பெரிய பிழை ஒன்று இங்கேதான் புதைந்திருக்கிறது. மடிப்புகளில் சோலைக்காடும் மேடுகளில் புல்லுமாக இருந்த உயர்மலை நிலத்தைப் பார்த்த ஆங்கிலேய வனவியலாளர் பலர், மரம் வெட்டப்பட்டதால் மொட்டையான காடு என்றே புல்வெளியை எண்ணினார்கள். பயனற்ற வெறும் நிலம் என்ற அந்த முத்திரை விடுதலைக்குப் பிறகும் நீங்கவில்லை. அது தவறு என்று நிலமே சாட்சி சொல்கிறது. நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்து, 1993-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். கரிமத்தின் ஐசோடோப்பு விகிதங்களைக் கொண்டு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், இந்த மலைகளில் புல்வெளி இருந்ததை அவர்கள் காட்டினார்கள். மனிதன் கோடரி எடுத்து உண்டாக்கிய நிலம் அல்ல இது. குளிர்கால உறைபனி திறந்த வெளியில் மரக்கன்றுகளைக் கருக்கிவிடுவதும் அதற்கு ஒரு காரணம். அந்த உறைபனியைத் தாங்கப் பழகிய செடிகளுள் குறிஞ்சியும் ஒன்று.

‘வெறும் நிலத்தில்’ மரம் நடுவதற்கு அடுத்தடுத்துக் காரணங்கள் கிடைத்தன. 19-ஆம் நூற்றாண்டில் விறகுப் பஞ்சம் தீர்க்க ஆஸ்திரேலியச் சீகையும் யூகலிப்டஸும் நீலகிரிக்கு வந்தன. விடுதலைக்குப் பின் தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டை வேண்டியிருந்தது. ரேயான் ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டியிருந்தது. ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் வனத்துறையே ஆயிரக்கணக்கான ஏக்கர் புல்வெளியில் குழி தோண்டிக் கன்று நட்டது. அன்று அந்த வேலை செய்தவர்கள் நாட்டுக்கு நல்லது செய்வதாகவே நம்பினார்கள். அவர்களைக் குற்றவாளிகளாக்குவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் விளைவை அளந்து பார்த்தாக வேண்டும். பழனி மலைகளின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு, 1973-க்கும் 2014-க்கும் இடையே அங்கிருந்த உயர்மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்றது. மரத்தோட்டங்களும் வேளாண்மையும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. குறிஞ்சிக் கணக்கில் சொன்னால் 1982, 1994, 2006 ஆகிய மூன்றே பூப்புகள் வந்துபோன காலத்துக்குள் இது நடந்து முடிந்துவிட்டது. கொடைக்கானலில் 1936-ல் எழுந்த குறிஞ்சி ஆண்டவர் கோயிலைச் சுற்றியுள்ள மலைகளைப் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் திடுக்கிடுவார்கள்.

சீகைக்கு ஒரு குணம் உண்டு. வெட்டினால் போகாது. அதன் கடினமான விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, வெளிச்சமோ நெருப்போ கிடைத்ததும் கோரைப்புல் போல அடர்த்தியாக எழுகின்றன. நட்ட தோட்டத்தோடு நில்லாமல் பக்கத்துப் புல்வெளிக்குள்ளும் ஊர்ந்து நுழைகின்றன. இந்த ஊடுருவல் நடப்பதும் பூக்காத ஆண்டுகளில்தான். கூட்டம் வருகிற ஆண்டில் பார்க்கிறவர்களுக்குப் போன முறை நீலமாக இருந்த சரிவு இம்முறை பச்சையாக இருக்கிறது, அவ்வளவே.

2024-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐ.யூ.சி.என். தன் சிவப்புப் பட்டியலில் முதன்முறையாக நீலக்குறிஞ்சியை மதிப்பிட்டு, அழியும் அபாயத்துக்கு உள்ளான இனங்களின் வரிசையில் சேர்த்தது. 34 தனிக்கூட்டங்கள் இருப்பதாகவும், அவற்றில் 33 மேற்குத் தொடர்ச்சி மலையில் என்றும், வாழிடத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் இழக்கப்பட்டுவிட்டது என்றும் அந்த மதிப்பீடு கூறியது. தேயிலைத் தோட்டம், மென்மரத் தோட்டம், நகர விரிவு ஆகியவை காரணங்கள். இந்தப் பட்டியலின் அளவுகோலில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஓர் இனம் எவ்வளவு குறைந்தது என்பதைப் பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அதைக்கொண்டு அளக்கிறார்கள். குறிஞ்சிக்கு மூன்று தலைமுறை என்றால் 36 ஆண்டு. நம் வனத்துறையின் செயல்திட்டம் பத்து ஆண்டுக்கானது. ஒரு திட்டம் எழுதப்பட்டு, நிறைவேற்றப்பட்டு, காலாவதியாகும்வரை ஒரு குறிஞ்சிச் செடி ஒருமுறைகூடப் பூக்காமலே இருந்துவிட முடியும். ஒரு வனச்சரகர் மூன்றாண்டில் மாற்றலாகிறார். அவருடைய பணிக்காலம் முழுவதும் அந்தச் சரிவு வெறும் புதர்தான். பூவைக் கண்டிராத அதிகாரி ஒருவர் அந்தச் சரிவில் சாலைக்கோ கட்டடத்துக்கோ ஒப்புதல் தந்தால் தடுத்துச் சொல்ல அந்த நேரத்தில் கோப்பில் எதுவும் இராது.

சட்டம் இல்லாமல் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தோடு நீலக்குறிஞ்சி மூன்றாம் அட்டவணைக்கு வந்துவிட்டது. பறிப்பதும் பிடுங்குவதும் விற்பதும் இப்போது குற்றம். நல்லதுதான். பூங்கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு வண்டியேறும் பழக்கத்துக்கு இது கடிவாளம் போடும். ஆனால் குறிஞ்சியை அழித்தது பூப்பறித்த கைகள் அல்ல. நிலப்பயன்பாட்டை மாற்றிய முடிவுகள்தான் அழித்தன; அவற்றைத் தனித்தனிச் செடிக்கான சட்டம் தொடுவதில்லை.

நிலத்தைத் தொட்ட முயற்சிகளுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள், இரண்டும் இடுக்கியிலிருந்து. ஒன்று இரவிகுளம். கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை பயிரிட்ட ஆங்கிலேயத் தோட்டத்துரைகள் வேட்டைக்காகப் புல்வெளியை அப்படியே விட்டுவைத்தார்கள். 1971-ல் கேரள அரசு சட்டம் இயற்றி உபரி நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975-ல் சரணாலயமாகவும் 1978-ல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தது. 97 சதுர கிலோமீட்டர். வரையாடுகளுக்காகக் காக்கப்பட்ட அந்தப் புல்வெளியில் குறிஞ்சியும் சேர்ந்தே பிழைத்தது. ஒவ்வொரு பூப்பிலும் அங்கே நீலம் விரிவதற்குக் காரணம் இவ்வளவுதான்: நிலம் தொடர்ச்சியாக, உடையாமல், நீண்ட காலம் விடப்பட்டிருக்கிறது.

மற்றொன்று குறிஞ்சிமலைச் சரணாலயம். திருவனந்தபுரத்தைச் சேர்ந்த வங்கி ஊழியர் ஜி. ராஜ்குமாரும் நண்பர்களும் கொடைக்கானலிலிருந்து மூணாறுவரை குறிஞ்சி நிலத்தினூடே நடந்து, ஆண்டுக்கணக்கில் மனுக்கொடுத்து, எழுதி எழுதிக் கிளப்பிய கோரிக்கையின் பலன் அது. 2006 அக்டோபரில், பூப்புப் பருவத்திலேயே, வட்டவடை, கொட்டக்கம்பூர் பகுதிகளில் 3,200 ஹெக்டேருக்கு அறிவிப்பு வந்தது. ஒரு பூவுக்காக ஒரு சரணாலயம். ஆனால் அந்த நிலத்தில் பட்டா இருப்பதாகச் சொல்லும் உழவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் மதுரைப் பக்கமிருந்து மலையேறிய தமிழ் பேசும் குடும்பத்தார். வட்டவடைப் பூண்டுக்கும் காய்கறிக்கும் பேர்போன ஊர்கள். அவர்களுடைய நியாயமான உரிமையும், பெரும்புள்ளிகள் வளைத்த யூகலிப்டஸ் தோட்டங்களும் ஒரே பட்டியலில் கலந்து கிடந்ததால், எல்லை வரையறுக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. சிறு உழவரையும் நிலம் வளைத்தவரையும் முதலிலேயே பிரித்துப் பார்த்திருந்தால் ஊர்மக்களே சரணாலயத்துக்குக் காவலாகியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இப்படி நினைப்பதற்கு அதே வட்டாரத்தில் ஆதாரம் இருக்கிறது. ஆனமுடிச் சோலைத் தேசியப் பூங்காவைச் சேர்ந்த பழத்தோட்டத்தில் சீகைக்காடு தீயில் எரிந்தபின், வனத்துறை உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொண்டு புல்வெளியை மீட்கும் வேலையில் இறங்கியது. எரிந்த மண்ணிலிருந்து எழும்பிய சீகைக் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். சில மாதம் கழித்து மறுபடி பிடுங்க வேண்டும். அதற்கடுத்தும் பிடுங்க வேண்டும். நடுவே நாற்றங்காலில் வளர்த்த உள்ளூர்ப் புல்லைக் கொத்துக்கொத்தாக நட வேண்டும். புல் பிடித்துக்கொண்டால் ஈரம் நிற்கிறது, வற்றியிருந்த ஓடையில் நீர் வருகிறது. இந்த வேலைக்குக் கூலி பெறுவோர் ஊர்க்காரர்கள் என்பதால் அதன் பலனையும் அவர்களே முதலில் காண்கிறார்கள். தமிழ்நாட்டிலும் சென்னை உயர்நீதிமன்றத்தின் தொடர் கண்காணிப்பும், அயல் தாவரங்களை அகற்றுவதற்கான 2022-ஆம் ஆண்டுக் கொள்கையும் பாதையைத் திறந்திருக்கின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும்: கொடைக்கானல் வட்டக்கானலில் பணியாற்றிய பாதுகாப்பு ஆர்வலர்கள், பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்திருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அத்தகைய இடத்தில் எந்திரம் கொண்டு மொட்டையடித்தால் புல்லும் வராது, சோலையும் போய்விடும். எங்கே அகற்றுவது, எங்கே விட்டுவைப்பது என்பதைச் சரிவு சரிவாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

குறிஞ்சி நாற்றுகளைத் தொட்டியில் வளர்த்துப் பூங்காக்களில் நடுவதில் ஆர்வம் காட்டுகிறவர்களையும் குறை சொல்ல மாட்டேன். விதையைச் சேமித்துவைப்பது அவசியம்கூட. ஆனால் தேனீயும் விதைதின்னிகளும் உறைபனியும் சூழ, ஆயிரக்கணக்கில் சேர்ந்து வாழ்வதுதான் குறிஞ்சி. மறுநடவுக்குத் தகுந்த இடம், புல் திரும்பிய சரிவு மட்டுமே.

2030 நெருங்குகிறது. அதற்குமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, பூக்கும்வரை காத்திராமல், இப்போதே இலையைப் பார்த்துக் கூட்டங்களை வரைபடமாக்குவது; எந்தச் சரிவு எந்த ஆண்டு பூக்கும் என்பதை முதுவர், பளியர், தோடர் முதியவர்களிடம் கேட்டுப் பதிவதும் அதில் சேரும். இரண்டாவது, விதைப் பருவம். பூப்பு அக்டோபரில் முடிந்தாலும் காய் முற்றி வெடிக்க அடுத்த கோடை நெருங்கிவிடும். வெறும் குச்சியாக நிற்கும் அந்த மாதங்களில் ஒரு காட்டுத்தீ போதும், பன்னிரண்டு ஆண்டுச் சேமிப்பைத் துடைத்தெறிய. கூட்டத்தை ஒழுங்குபடுத்த 2030-ல் அமர்த்தப்படும் தற்காலிகக் காவலர்களை மழைக்காலத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடாமல் 2031 பருவமழை தொடங்கும்வரை வைத்திருக்க வேண்டும். குறிஞ்சிச் சரிவுகளைச் சுற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அந்த ஜனவரிக்குள் வெட்டப்பட்டிருக்க வேண்டும். அதற்கான தொகையை 2030-31 வரவுசெலவுத் திட்டத்திலேயே, சுற்றுலா ஏற்பாடுகளுக்கான ஒதுக்கீட்டுக்குப் பக்கத்தில், இரு மாநில வனத்துறைகளும் தனியாகக் கேட்டுவாங்க வேண்டும்.